ஃபார்மட் அடித்தால் தீருமா?

நெய்வேலி நகரியத்தின் எந்த வட்டத்துக்குப் போனாலும், யந்திரங்களோடு ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவரைத் தெருவுக்குத் தெரு காணலாம். சுரங்கத்துக் கன்வேயரில் ஒரு பேரிங் தேயத் தொடங்கினால் ஓசையாலேயே அதை அறிந்து யந்திரத்தை நிறுத்தச் சொல்லும் அத்தகைய அனுபவஸ்தர்கள்கூட, வீட்டுக் கணினியின் ஹார்டு டிஸ்க் 'டிக், டிக்' என்று ஒலித்து நின்றுபோகும்போது, "ஃபார்மட் அடித்து ஓ.எஸ். போட்டால் சரியாகிவிடும்" என்ற வார்த்தையை நம்பி, குழந்தைகளின் புகைப்படங்களையும் சேமநிதிக் கணக்குகளையும் இழந்துவிடுவது என்னை மிகவும் வருத்துகிறது.

அந்த வார்த்தை பாதி உண்மை. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் அறுந்தோ, வைரஸ் புகுந்தோ, ஓ.எஸ். என்னும் இயங்குதளத்தின் கோப்புகள் மட்டும் கெட்டிருந்தால் புதிதாகப் போடுவது தக்க சிகிச்சையே. டிஸ்க்கே பழுதுபட்டிருந்தால் அது சிகிச்சையாகாது. ஹார்டு டிஸ்க்குக்கும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்கும் ஒரே வயது. நிறுவனம் பதிவான 1956-ஆம் ஆண்டில்தான், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளை அடக்கிய 'ராமாக்' யந்திரத்தை ஐ.பி.எம். வெளியிட்டது. தட்டைத் தொடாமல் அதன்மேல் மிதந்து படிக்கும் முனை என்ற தத்துவம் அன்றுமுதல் மாறவில்லை. இடைவெளிதான் சுருங்கிச் சுருங்கி, இன்று தலைமயிரின் பருமனில் பதினாயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு வந்துவிட்டது. நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டில் தன் தடத்தைக் காணாத முனை மறுபடியும் மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே திரும்புவதன் ஓசைதான் அந்த 'டிக், டிக்'. அந்நிலையில் பல ஜிகாபைட் அளவுள்ள ஓ.எஸ்.ஸை அதில் எழுதப் புகுந்தால், எஞ்சியிருக்கும் காந்தப் பூச்சையும் முனை சுரண்டிவிடக்கூடும்.

"ஓ.எஸ். போட்டால் பழைய கோப்புகளும் திரும்பிவிடும்" என்பது இதனினும் அபாயகரமான நம்பிக்கை. 'குவிக் ஃபார்மட்' என்னும் அவசர ஃபார்மட் டிஸ்க்கின் பொருளடக்கத்தை மட்டுமே அழிக்கிறது. உள்ளே இருப்பவை, அவற்றின்மேல் வேறொன்று எழுதப்படும்வரை, பெரும்பாலும் அப்படியே கிடக்கின்றன. புதிய ஓ.எஸ்.தான் அந்த வேறொன்று. ஆகையால் முதற் காரியம் மீட்பு. விசித்திர ஓசை கேட்டால் கணினியை உடனே அணைத்துவிட்டு, தூசியற்ற அறையில் டிஸ்க்கைத் திறந்து வேலை செய்யும் மீட்பு நிலையங்களை நாடவேண்டும். ஓசையின்றி மந்தமாக இயங்கும் டிஸ்க்காயின், பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸைக் கொண்டு கணினியைத் தொடங்கி, 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச மென்பொருளால் முழுப் பிரதியொன்றை வேறு டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளலாம். அது எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான பகுதிகளுக்குக் கடைசியில்தான் திரும்புகிறது. டிஸ்க்கை விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புக் குறியீடும் கையில் இருக்கவேண்டும்.

"சுரங்கத் தூசியும் அனல்மின் நிலையச் சாம்பலும் உள்ளே புகுந்து டிஸ்க்கைக் கெடுக்கின்றன" என்பது இவ்வூருக்கே உரிய அபிப்பிராயம். டிஸ்க்கின் மூச்சுத் துளையில் வடிகட்டி உண்டு. தூசி நேரே தட்டை அடைவதில்லை. அது கெடுப்பது கணினியின் விசிறியை. விசிறி அடைத்துக்கொண்டால் ஏறும் உஷ்ணம் டிஸ்க்குக்கும் ஆகாது. மின்தடை வந்த கணமே முனை தட்டில் விழுந்துவிடும் என்ற பயமும் பழங்காலத்தது. மின்சாரம் நின்றபின்னும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரே ஒரு ஜெனரேட்டராகி, முனையைப் பத்திரமான இடத்துக்கு ஒதுக்கும் சக்தியைத் தந்துவிடுகிறது. டர்பைன்களோடு வாழ்ந்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. எழுதி முடியாத கோப்புக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை, அதற்காகத்தான் யூ.பி.எஸ்.

பழுதான டிஸ்க்கை உயிர்ப்பிக்க ஃபிரீசரில் வைக்கும் உபாயத்தை விட்டுவிடுங்கள்; வெளியே எடுத்தவுடன் தட்டில் ஈரம் படியும். டிஸ்க்கை மாற்றினால் விண்டோஸை மறுபடி விலைக்கு வாங்கவேண்டும் என்பதும் பெரும்பாலும் தவறே: விண்டோஸ் 10 காலம் முதல் டிஜிட்டல் உரிமம் முக்கியமாக மதர்போர்டைத்தான் அடையாளங்கொள்கிறது.

கடைசியாக, தமிழில் எழுதுவோரை மட்டும் வருத்தும் ஒரு தவறான எண்ணம். புது ஓ.எஸ். போட்டபின் பழைய தமிழ்க் கட்டுரையைத் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் விநோதக் குறிகளுமாய்த் தோன்ற, கோப்பு நாசமாகிவிட்டதென்று அழித்துவிடுவோர் பலர். ஐயோ, அது நாசமாகவில்லை! யூனிகோடு பரவுமுன், ரோமன் எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்கள் பலவாய் வழங்கின. 1999-இல் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்ற இரு தரங்களை ஏற்று அந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த முயன்றது. யூனிகோடை அரசு தரமாக ஏற்றது 2010-இல்தான். இடைக்காலத்தில் எழுதப்பட்ட சங்க மலர்களும் கவிதைகளும் கடிதங்களும் அந்தந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். அதை நிறுவியவுடன் ஓர் எழுத்தும் குறையாமல் திரும்பும், பிறகு என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். எனவே, பழைய டிஸ்க்கிலிருந்து கோப்புகளை எடுக்கும்போது, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் கூடவே எடுத்து வையுங்கள்.