லோரியின் பின் அச்சும் அதன் சூடும்

ரப்பர் பாலையும் உரத்தையும் சுமந்து மேட்டுப் பாதையில் ஏறும் டீசல் லோரியின் இழுவை முழுவதும் பின் அச்சின் நடுவேயுள்ள டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களைச் சார்ந்தது. அவை மிகுந்த சூடேறிக் கெடாதிருக்க யாது செய்தல் வேண்டும் என்பதை நாம் இங்கே காண்போம்.

இயந்திரத்தின் ஆற்றலைப் பின்னே கொண்டுவரும் தண்டின் முனையில் உள்ள சிறிய பற்சக்கரம் பினியன் எனப்படும். அது சுழற்றும் பெரிய பற்சக்கரம் கிரவுன் வீல். இவற்றின் பற்கள் ஒன்றையொன்று அழுத்தி உராய்வதால் சூடு பிறக்கின்றது. கிரவுன் வீல் கீழேயுள்ள எண்ணெயை வாரி இறைக்க, அவ்வெண்ணெய் பற்களுக்கு வழுவழுப்பைத் தந்து, சூட்டையும் வெளிக்கூட்டிற்குக் கொண்டு சேர்க்கின்றது. எண்ணெயின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கொள்ளும் கணக்கு.

அமெரிக்க நாட்டுப் பிக்கப் வண்டிகள் பலவற்றில் டிஃபரன்ஷியலின் பின்புறம் ஒரு மூடியால் அடைக்கப்பட்டிருக்கும். அதனைக் கழற்றிவிட்டு, வெளிப்புறம் வரிவரியாகத் தகடுகள் நீண்ட அலுமினிய மூடியைச் சிலர் பொருத்துகின்றனர். அலுமினியம் எஃகினும் விரைவாகச் சூட்டைக் கடத்தும். தகடுகள் காற்றுப்படும் பரப்பைப் பெருக்கும். ஆயினும் உட்புற வடிவமே முதன்மையானது. வளைந்த உட்புறம் எண்ணெயைச் சீராகச் சுழலச் செய்யும். தட்டையான உட்புறத்தில் எண்ணெய் மோதிச் சிதறி நுரைக்கும். நுரைத்த எண்ணெய் பற்களைக் காவாது.

தோட்டங்களில் ஓடும் ஜப்பானிய லோரிகள் பலவற்றில் பின்புறக் குமிழ் பற்றவைக்கப்பட்டதாகும். பற்சக்கரங்கள் முன்புறமாகவே கழற்றப்படும். அவற்றில் மாற்றுவதற்கு மூடியே இல்லை. எனவே பணம் கொடுக்குமுன் வண்டியின் அடியில் பார்த்துத் தெளிதல் வேண்டும்.

மூடியை மாற்ற இயலாத வண்டிக்கும் நாம் செய்யத்தக்கவை உண்டு:

1. சமதரையில் வண்டியை நிறுத்தி, எண்ணெய் ஊற்றும் துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். சில வண்டிகளின் அளவு வேறாகையால் கையேட்டை நோக்குக. மிகையாக ஊற்றினாலும் எண்ணெய் கடையப்பட்டுச் சூடேறும்.

2. கூட்டின் மேலுள்ள காற்றுக் குழாயைச் சேறு அடைக்க விடலாகாது. அடைத்தால் உள்ளே அழுத்தம் மிகுந்து, சீல் வழியே எண்ணெய் கசிந்து பிரேக்கை நனைக்கக்கூடும். இறக்கத்தில் அது உயிருக்கே ஆபத்து.

3. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. உலோகத் துண்டுகள் தென்பட்டால் பற்களோ பேரிங்கோ பழுதுற்றிருக்கலாம். உடனே மெக்கானிக்கிடம் கூறுக.

4. கூட்டின்மேல் படிந்த சேறு கம்பளிபோல் சூட்டை அடக்கிவைக்கும். அதனை அவ்வப்போது கழுவுக.

5. வண்டிக்கு விதித்த அளவினும் மிகுதியாகப் பாரம் ஏற்றலாகாது.

புதிய மூடி வாங்குவது பிறகு ஆகட்டும். எண்ணெயின் அளவையும் காற்றுக் குழாயையும் இன்றே பார்ப்போமாக. அதற்கு வேண்டுவது ஒரு ஸ்பேனரும் சிறிது நேரமுமே.