மண்ணுக்குள் ஒளிந்திருந்த காடு



‘மரம் நடுவோம்’ என்று நாம் எல்லோருமே எழுதியிருக்கிறோம். நான் இந்த முறை, நடாமலேயே கோடிக்கணக்கான மரங்களை வளர்த்த விவசாயிகளைப் பற்றி எழுதுகிறேன்.

அவர்கள் நாடு நைஜர். மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவுக்கு வடக்கே, சகாரா பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிறது. வருடத்தில் மூன்று நான்கு மாதம்தான் மழை. பயிர் கம்பும் சோளமும். (நம்ம ஊர்க் கம்புக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்காதான், தெரியுமா?)

நிலம் ஏன் கெட்டது?

1960 வரை அங்கே பிரெஞ்சுக்காரர் ஆட்சி. வயலில் நிற்கிற மரமும் அரசுக்கே சொந்தம் என்று சட்டம் போட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் அது மாறவில்லை. தன் வயல் மரத்தை வெட்டினால் விவசாயிக்கு அபராதம்! நமக்குச் சொந்தமில்லாத மரத்தை யார் காப்பாற்றுவார்கள்? முளைக்கும்போதே வெட்டிவிட்டார்கள். விறகுத் தேவையும் கூடியது. 1970-களில் கடும் வறட்சி வேறு. தடுக்க மரம் இல்லாததால் காற்று மணலை வாரி இளம்பயிரை மூடியது. ஒரே பருவத்தில் இரண்டு மூன்று தடவை விதைக்க வேண்டியதாயிற்று.

புதர் இல்லை, மரம்!

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டோனி ரினாடோ என்பவர் நைஜரின் மராடி பகுதியில் மரக்கன்று நடும் வேலை செய்தார். கன்றுகளில் பெரும்பாலானவை காய்ந்து போயின. 1983-இல் ஒருநாள், மணலில் வண்டி ஓட்டுவதற்காக டயர் காற்றைக் குறைக்க இறங்கினார். பக்கத்திலே ஒரு சின்னப் புதர். இலையை உற்றுப் பார்த்தால், அது புதரே இல்லை! வெட்டிய மரத்தின் அடிக்கட்டை துளிர்த்திருந்தது. வேர் உயிரோடுதான் இருக்கிறது. அந்த வயல்களில் அப்படி எத்தனையோ கட்டைகள்! வருடா வருடம் துளிர்க்கும், வருடா வருடம் வெட்டிவிடுவார்கள்.

செய்முறை

1. வயலில் துளிர்க்கும் அடிக்கட்டைகளில் எவற்றை வளர்ப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.
2. ஒவ்வொரு கட்டையிலும் நேரான, திடமான சில தண்டுகளை மட்டும் விட்டு மற்றவற்றை வெட்ட வேண்டும். அது விறகுக்கு ஆகும்.
3. விட்ட தண்டுகளில் கீழ்ப்பக்கக் கிளைகளைக் கழிக்க வேண்டும்.
4. ஆடு மாடு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடையிலே கம்பு விதைக்கலாம்.

அவ்வளவுதான்! வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, கன்று வாங்கும் செலவும் இல்லை.

அங்கே ‘காவோ’ என்று ஒரு மரம் உண்டு. மற்ற மரங்களுக்கு நேர்மாறாக, மழைக்காலத்தில் இலை உதிர்க்கும், கோடையில் தழைக்கும். அதனால் பயிருக்கு நிழல் தட்டாது. உதிர்ந்த இலை எருவாகும். அவரைக் குடும்பத்து மரம் என்பதால் காற்றிலுள்ள நைட்ரஜனையும் மண்ணில் சேர்க்கும். காய் ஆடு மாடுகளுக்குத் தீனி.

பலன் என்ன?

சுமார் 20 ஆண்டுகளில் 50 லட்சம் ஹெக்டேரில், ஏறத்தாழ 20 கோடி மரங்கள் வந்துவிட்டன என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதாவது, தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! ஆண்டுக்குக் கூடுதலாக 5 லட்சம் டன் தானியம் விளைந்ததாகவும் கணக்கிட்டார்கள். ரினாடோவுக்கு 2018-இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் பரிசு கிடைத்தது. இதனால் பஞ்சமே ஒழிந்தது என்று சொல்ல முடியாது. 2005-லும் நைஜரில் பஞ்சம் வந்தது. ஆனால் மரம் உள்ளவருக்கு விற்க விறகும், மாட்டுக்குத் தீனியும் கையில் இருக்கும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். 1980-களின் நடுவில் அதிகாரிகள் பழைய சட்டக் கெடுபிடியைத் தளர்த்தினார்கள். ‘வளர்த்தவருக்கே மரம்’ என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் விவசாயிகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் இறங்கினார்கள். வேர் முன்பும் இருந்தது. உரிமைதான் இல்லாமல் இருந்தது.

நண்பர்களே, நம்ம பக்கத்து வேம்பும் புளியும்கூட வெட்டினால் துளிர்க்கும். துளிர்த்த கட்டை எங்கேயாவது கண்ணில் பட்டால், நிலத்துக்காரரிடம் கேட்டு, நல்லதாக ஒரு தண்டை விட்டு வளர்த்துப் பாருங்களேன்!