ஊசிக்குப் பதில் பிளாஸ்திரி வருமா?



சர்க்கரை வியாதிக்கு இனி ஊசி வேண்டாம், தோலில் ஒரு பிளாஸ்திரி ஒட்டினால் போதும் என்ற செய்தியை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கொல்லிமலையிலும் இக்கேள்வி எழுகிறது. உண்மை என்னவென்று சிந்திப்போம்.

இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது, இறங்கும்போது குறைத்துக்கொள்கிறது. ஊசிக்கு இந்த அறிவு இல்லை. போட்டது போட்டதுதான். ஊசி போட்டபின் சாப்பிடாமல் காட்டு வேலைக்குப் போகிறவருக்கு வியர்த்து, கை நடுங்கி, மயக்கமும் வரலாம்.

இக்குறையைத் தீர்க்க, 2015-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினாவில் சென் கூ என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு பிளாஸ்திரியை உருவாக்கி எலிகளில் சோதித்தார்கள். அதில் மிகச்சிறிய ஊசிகள் வரிசையாக இருக்கின்றன. சர்க்கரை கூடினால் அவற்றிலிருந்து இன்சுலின் வெளிவரும். சர்க்கரை இறங்கினால் அது குறைந்துவிடும். 2020-இல் வெளியான ஆய்வில், 25 கிலோவுக்கு மேற்பட்ட சிறு பன்றிகளுக்கு இத்தகைய பிளாஸ்திரி 20 மணி நேரத்திற்கும் மேலாகச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தது. ஆகிலும், இப்படித் தானே அளவறிந்து இன்சுலின் கொடுக்கும் பிளாஸ்திரி இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. கையில் ஒட்டிச் சர்க்கரையை அளக்கும் கருவி இன்று கிடைக்கிறது. அது அளவைக் காட்டுமே தவிர, மருந்து கொடுக்காது.

ஆகையால், பிளாஸ்திரி வரட்டும் என்று ஒருவரும் ஊசியை நிறுத்தலாகாது. சிறுவயதிலேயே இவ்வியாதி கண்ட பிள்ளைகளுக்குச் சில நாள் நிறுத்தினாலும் உயிருக்கே ஆபத்து.

திறக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவேண்டும்; உறையவிடக் கூடாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், பயன்படுத்திவரும் குப்பியை, ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் நனையாமல் மூடி, நிழலில் வைக்கலாம். பெரும்பாலான வகைகளைத் திறந்து நான்கு வாரத்திற்குப்பின் உபயோகிக்கக் கூடாது.

இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-இல் அதன் உரிமையைத் தலா ஒரு டாலருக்கு டொரன்டோ பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்துவிட்டார்கள். மருந்து எல்லாருக்கும் எட்டவேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். நூறு ஆண்டு கடந்தும், 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே அது தடையின்றி எட்டுவது எளிதாயில்லை. புதிய பிளாஸ்திரியும் ஒருநாள் இதே மலைப்பாதையில்தான் ஏறி வரவேண்டும். அதுவரை ஊசியும், மருந்தும், மாதந்தோறும் வீடு தேடிப்போய் விசாரிக்கும் ஆளும் குறையாதிருக்க, உங்கள் ஜெபத்திலும் ஈகையிலும் இம்மலை மக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.