முன்பாரமும் பின்பாரமும்

நாஞ்சில் நாட்டுச் சாலைகளில் ஒரு வண்டி இன்னொரு வண்டியை இழுத்துச் செல்லும் காட்சி நமக்குப் புதியதன்று. கும்பப்பூ அறுவடை முடிந்ததும் வைக்கோலை மலைபோல் ஏற்றிய டிராக்டர்கள் பூதப்பாண்டிச் சாலையையும் சுசீந்திரம் சாலையையும் அடைத்துக்கொண்டு நகர்வதைப் பேருந்தில் வரும் மாணவர்கள் அனைவரும் கண்டிருப்பார்கள். வீடு கட்டும் இடத்திற்குக் காங்கிரீட் கலவை எந்திரத்தைச் சிறு லாரியின் பின்னால் கட்டி இழுத்துப் போவார்கள். அது குதித்துக் குதித்து வரும் அழகைக் கண்டு பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் தாமாகவே ஒதுங்கிக்கொள்வார். இவற்றோடு இப்போது ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. குடும்பத்தோடு பயணம் செய்வதற்கென்று வாங்கிய சிறிய எஸ்.யு.வி. காரின் பின்னால் கொக்கி ஒன்றைப் பொருத்தி, இரண்டு சக்கர டிரெய்லரை மாட்டிச் சாமான் ஏற்றிச் செல்லும் வழக்கம்தான் அது.

என் தாய்மாமா பந்தல், பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கும் தொழில் செய்கிறார். அவரும் இத்தகைய டிரெய்லர் ஒன்றை வாங்கினார். "மருமகனே, நீ இயற்பியல் படிக்கிறாயே, இதில் கவனிக்க வேண்டியது என்ன என்று கொஞ்சம் பார்த்துச் சொல்" என்றார். நெம்புகோல் தத்துவத்தை நாமெல்லாம் தேர்வுக்காகப் படித்திருக்கிறோம். அது சாலையில் உயிர் காக்கும் தத்துவம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று பார்த்ததையும் கணக்கிட்டதையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் "மோட்டார் வாகனம்" என்பதற்குத் தரும் இலக்கணத்தில் டிரெய்லரும் அடங்கும். மோட்டாரே இல்லாத ஒன்று மோட்டார் வாகனம் ஆவது வேடிக்கைதான். ஆயினும் இதன் பொருள் தெளிவானது. டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். பட்டறையில் இரும்புக் குழாய்களை ஒட்டவைத்து உருவாக்கி, அன்று மாலையே சாலையில் இறக்கிவிட முடியாது. காப்பீட்டையும் முன்னதாகவே கேட்டுத் தெளிவது நல்லது.

அடுத்தது, இழுக்கும் வண்டியின் தகுதி. "அந்தக் காலத்து ஜீப் இழுக்கவில்லையா? இது அதைவிடச் சக்தி வாய்ந்தது" என்று பலர் வாதிடக் கேட்டிருக்கிறேன். இரண்டாம் உலகப்போரில் ஜீப்புக்கென்று கால் டன் டிரெய்லர் செய்தார்கள் என்பது உண்மையே. ஆனால் ஜீப்பின் அடியில் ஏணி போன்ற கனத்த இரும்புச் சட்டம் உண்டு. இன்றைய சிறிய எஸ்.யு.வி.க்கள் பெரும்பாலானவற்றில் அத்தகைய தனிச்சட்டம் கிடையாது. தகட்டாலான உடற்கூடே சட்டத்தின் வேலையையும் செய்கிறது. அதில் எந்த இடத்தில் கொக்கியை மாட்டலாம், எவ்வளவு இழுக்கலாம் என்பதை வண்டியைச் செய்தவர்களே சொல்ல வேண்டும். வண்டியோடு வரும் கையேட்டில் அந்த எடை கிலோவில் குறிக்கப்பட்டிருந்தால் அதுவே எல்லை. இழுக்கலாகாது என்று எழுதியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. எஞ்சின் இழுத்துவிடும் என்பது ஒரு வாதமே ஆகாது. எஞ்சின் இழுப்பதை பிரேக் நிறுத்த வேண்டுமே!

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். பாரத்தை டிரெய்லரில் எங்கே வைப்பது?

இந்தக் கேள்விக்கு நம் ஊர்ச் சக்கடா வண்டிக்காரர்கள் விடை அறிந்திருந்தார்கள். முன்பாரம், பின்பாரம் என்ற இரு சொற்கள் அவர்கள் வாயில் ஓயாமல் புழங்கின. எங்கள் தெருவில் ஒரு பாட்டா இருக்கிறார். இளமையில் புத்தளம் உப்பளத்திலிருந்து கோட்டாறு சந்தைக்கு உப்பு மூடை ஏற்றி வண்டி அடித்தவர். அவரிடம் கேட்டேன். "மக்களே, நுகம் மாட்டுக் கழுத்துல சும்மா உக்காந்த மாதிரி இருக்கணும், கேட்டியா? பின்பாரம் ஏறிச்சின்னா நுகம் மேல தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டுத் தொண்டையை இறுக்கிப் போடும்" என்றார். பாரம் முன்னே மிகுந்தாலோ மாடு கழுத்து நொந்து படுத்துவிடும் என்றும் சொன்னார். இன்றைய டிரெய்லருக்கான பாடம் முழுவதும் இந்த மூன்று வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது. மாட்டின் கழுத்து இருந்த இடத்தில் காரின் கொக்கி இருக்கிறது. மாடு முரண்டு பிடித்து வண்டிக்காரனுக்கு அறிவித்துவிடும். காரோ அறுபது கிலோமீட்டர் வேகம் போகும்வரை வாய் திறப்பதில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். டிரெய்லரும் பாரமும் சேர்ந்து 500 கிலோ என்று கொள்வோம். கொக்கிக்கும் டிரெய்லரின் அச்சுக்கும் இடையே 200 செ.மீ. தூரம். மொத்த எடையின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு நேர் மேலே இருந்தால் கொக்கியின் மேல் பாரமே இராது. மையம் 20 செ.மீ. முன்னே வந்தால், அச்சைப் பற்றிய திருப்புத்திறன் 500 × 20. இதை 200 ஆல் வகுத்தால் கொக்கியை அழுத்தும் எடை 50 கிலோ, அதாவது மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் இந்த அழுத்தம் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஐரோப்பாவில் பொதுவாக அதைவிடக் குறைவாக வைக்கிறார்கள். கொக்கி எவ்வளவு தாங்கும் என்பதும் கையேட்டில் இருக்கும். அந்த அளவையும் மீறக்கூடாது.

இருபது செ.மீ. என்பது ஏறக்குறைய ஒரு சாண். மையம் அதே ஒரு சாண் பின்னே போய்விட்டால் என்ன ஆகும்? கொக்கி 50 கிலோ விசையுடன் காரின் பின்புறத்தை மேலே தூக்கும். சிறிய கார்களில் கொக்கி பின் சக்கர அச்சிலிருந்து சுமார் 90 செ.மீ. தள்ளியிருக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் சுமார் 250 செ.மீ. மறுபடியும் நெம்புகோல் கணக்குப் போட்டால், பின் சக்கரங்கள் மீதுள்ள எடையில் 68 கிலோ குறைந்துவிடும். தரையைப் பற்றிக்கொள்ள வேண்டிய சக்கரங்கள் பிடி தளர்ந்து நிற்கும். ஒரு சாண் முன்னே இருந்தால் அடக்கமான வண்டி, ஒரு சாண் பின்னே போனால் அடங்காத வண்டி.

மாமாவின் டிரெய்லரில் இதை அளந்தே பார்த்தோம். அவருடைய ஆட்கள் பந்தல் குழாய்களையும் தார்ப்பாய்களையும் முதலில் ஏற்றி, உருளி, வார்ப்பு, அண்டா முதலியவற்றைக் கடைசியில் வால்புறம் வைப்பது வழக்கம். அதற்குக் காரணம் இருந்தது. கல்யாண வீட்டில் முதலில் அடுப்பு மூட்ட வேண்டும். ஆகவே பாத்திரம்தான் முதலில் இறங்க வேண்டும். வேலைக்கு எளிதான முறை, ஆனால் சாலைக்குக் கேடானது. சமதளமான முற்றத்தில் டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றினோம். ஆள் எடை பார்க்கும் கருவியின் மேல் மரக்கட்டை வைத்து, கார்க் கொக்கியின் உயரத்துக்கு டிரெய்லரின் மூக்கை அதன்மேல் இறக்கினோம். முள் 5 கிலோ காட்டியது. மொத்தம் 500 கிலோவில் வெறும் 5 கிலோ! வழியில் ஒரு மூட்டை பின்னோக்கிச் சரிந்தால் அதுவும் போய்விடும். பிறகு 60 கிலோ வரும் உருளிகளை மட்டும் வால்புறமிருந்து எடுத்து ஒன்றரை மீட்டர் முன்னே வைத்துக் கயிறு போட்டுக் கட்டினோம். முள் 50 கிலோவுக்கு ஏறியது. 60 × 150 ÷ 200 = 45 என்று நான் முந்திக் கணக்கிட்டுச் சொன்னதைக் கண்டு மாமா மகிழ்ந்தார். இறக்கும் வசதிக்கு என்ன செய்வது என்று கேட்டார். முன்புறப் பக்கப் பலகைக்குக் கீல் வைத்துக் கதவாக்கிவிட்டால் பாத்திரம் முன்பக்கமிருந்தே இறங்கும் என்று பட்டறைக்காரர் வழி சொன்னார்.

பின்பாரம் ஏன் இவ்வளவு தீங்கு செய்கிறது? டிரெய்லர் என்பது கொக்கியில் மாட்டிப் படுக்கவைத்த ஊசல். காற்றோ பள்ளமோ பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் அது ஆடத்தான் செய்யும். டயர்கள் தரையில் உராய்ந்து அந்த ஆட்டத்தைத் தணிக்கின்றன. வேகம் கூடக் கூட இத்தணிப்பு குறைகிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேல் ஆட்டம் தணியாமல் வளரத் தொடங்கும். டிரெய்லரின் வால் ஆட, அது காரின் வாலை ஆட்ட, ஓட்டுபவர் பதறிப்போய் ஸ்டியரிங்கைத் திருப்ப, ஊஞ்சலைக் காலமறிந்து தள்ளுவது போல ஒவ்வொரு வீச்சும் பெரிதாகும். பின்பாரம் ஏற்றினால் அந்த ஆபத்தான வேகம் கீழே இறங்கிவிடுகிறது. முன்பாரம் இருந்தால் எண்பதில்கூட வராத ஆட்டம் பின்பாரத்தில் ஐம்பதிலேயே வரலாம்.

நம் மாவட்டத்தில் இந்தத் தட்டு எங்கே கிடைக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்றை நம்பித்தான் முப்பந்தல் சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகள் காடுபோல் எழுந்து நிற்கின்றன. மலை மறைவில் அமைதியாக வந்த வண்டி, மலை விலகியதும் திடீரென்று காற்றின் வாயில் போய் நிற்கும். காவல்கிணற்றிலிருந்து தெற்கே கன்னியாகுமரி செல்லும் நாற்கரச் சாலையில் மேற்குக் காற்று நேராக விலாவில் அடிக்கும். பக்கம் உயர்ந்த டிரெய்லரும், காற்றில் புடைக்கும் தார்ப்பாயும் பாய்மரம் ஆகிவிடும். பெரிய லாரி நம்மைக் கடக்கையில் காற்று ஒரு கணம் மறைந்து மறுகணம் மீண்டும் அறையும். அங்கே நாற்பது, ஐம்பதுக்கு மேல் போகாதிருப்பதே அறிவுடைமை என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? ஸ்டியரிங்கை நேராக இறுகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். வேகம் தானே குறையும், ஆட்டமும் அடங்கும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் கார் நிற்கும், ஆனால் பிரேக் இல்லாத டிரெய்லர் நில்லாது காரைப் பின்னாலிருந்து பக்கவாட்டில் தள்ளும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கிவிடலாம் என்று சிலர் சொல்வதும் தவறு. ஆட்டத்தை வளர்ப்பதே வேகம் அல்லவா? நின்ற பிறகு பாரத்தை முன்னே மாற்றாமல் பயணத்தைத் தொடரக்கூடாது.

நிறுத்தும் தூரத்தையும் கணக்கிட்டுப் பார்த்தேன். ஆளோடு சேர்த்து 1200 கிலோ காரில் பிரேக் பிடித்தால் நொடிக்கு நொடி வேகம் வினாடிக்கு 6 மீட்டர் வீதம் குறைவதாகக் கொள்வோம். பின்னால் 500 கிலோவைக் கட்டினால் அதே பிரேக் 1700 கிலோவை நிறுத்த வேண்டும். கண்ணில் பட்டுக் கால் பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியையும் சேர்த்தால், 40 கி.மீ. வேகத்தில் நிற்க ஏறக்குறைய 26 மீட்டர் ஆகிறது. 60 கி.மீ. வேகத்திலோ 50 மீட்டர்! வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் ஏறக்குறைய இரு மடங்கு. முன்னால் போகும் பேருந்து நிறுத்தம் இல்லாத இடத்தில் நிற்பதும் நம் ஊரில் நடப்பதே. இடைவெளி விட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு போன்ற மலைச் சாலைகளில் இறங்குகையில், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய ஓட்டுநர் விதி டிரெய்லர் உள்ளவருக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிச் செயலற்றுப் போகும்.

கொக்கியைப் பற்றி ஒரு சொல். கொக்கியின் குமிழும் அதன்மேல் கவிழும் கிண்ணமும் ஒரே அளவுடையனவா என்று பார்க்க வேண்டும். 50 மில்லிமீட்டர் குமிழும் உண்டு, இரண்டு அங்குலக் குமிழும் உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றினாலும் ஒன்றுக்குரிய கிண்ணம் மற்றொன்றில் தளர்ந்து நிற்கும். மாட்டிய பிறகு டிரெய்லரின் மூக்கைக் கையால் தூக்கிப் பார்த்தால் குமிழ் கழன்று வரக்கூடாது. அத்துடன் இரண்டு சங்கிலிகளைக் கொக்கிக்குக் கீழே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும்படி கட்ட வேண்டும். கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அச்சங்கிலிகளின் மேல் தாங்கி நிற்கும். இது வெளிநாட்டார் கற்றுத் தந்த புதுமை என்று எண்ண வேண்டா. புறநானூற்றில் ஔவையார் பாடிய பாட்டொன்றில், வழியில் மேடு எது பள்ளம் எது என்று அறியாத உப்பு வணிகர்கள் தங்கள் வண்டியின் கீழ் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் செய்தி வருகிறது. சேம அச்சு என்பது அதன் பெயர். உடைந்த பிறகு தேடாமல் உடையுமுன் கட்டிவைப்பது உமணர் காலத்திலேயே இருந்த அறிவு.

சக்கரங்களையும் மறந்துவிடக்கூடாது. டிரெய்லர் வேலை இல்லாத மாதங்களில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். டயர் வெடிப்பு விட்டு, அச்சுக்குடத்திலுள்ள கிரீஸ் உலர்ந்துவிடும். அன்று வண்டிக்காரர்கள் வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்து வண்டி மை போட்டார்கள். இன்று டப்பாவில் கிரீஸ் கிடைத்தும் போட ஆளில்லை. புறப்பட்டு ஐந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, குடத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால் சூடு தெரியும். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தின் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

விளக்குகளைப் பற்றிச் சொல்லும்போது சற்றுக் கோபம் வருகிறது. சக்கடா வண்டிக்காரர்கூட அச்சுக்கடியில் அரிக்கன் விளக்கைத் தொங்கவிட்டுச் சென்றார். அந்தி மயங்கும் நேரத்தில் விளக்கோ சிவப்புப் பிரதிபலிப்பானோ இல்லாமல் இழுத்துச் செல்லப்படும் கலவை எந்திரத்துக்கு அந்த அளவு மரியாதைகூட இல்லை. டிரெய்லர் காரின் பின் விளக்குகளை மறைத்துவிடுவதால், கம்பி இணைப்புக் கொடுத்துப் பிரேக் விளக்கும் திரும்பும் விளக்கும் டிரெய்லரிலேயே எரியச் செய்வது கட்டாயம். காரில் ஒருவர் அமர்ந்து பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க ஒரு நிமிடம் போதும். டிரெய்லரில் ஆள் ஏற்றுவது அறவே ஆகாது. பந்தல் வேலையாட்கள் "பொருளைப் பிடித்துக்கொள்கிறோம்" என்று ஏறி உட்காருவது உண்டு. பிடிக்க வேண்டியது கயிறு, ஆள் அல்ல.

கடைசியாக, பின்னோக்கிச் செலுத்துதல். நம் ஊர்ச் சந்துகளில் இது தவிர்க்க முடியாதது. காரின் வால் இடப்பக்கம் போனால் டிரெய்லரின் வால் வலப்பக்கம் போகும். புதியவர்கள் குழம்பிப்போவது இதனால்தான். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்தினால் போதும். மெல்ல, சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும். குட்டை டிரெய்லர் நீண்டதைவிட விரைவாக மடங்கிக் காரின் மேலேயே மோதிவிடும். மடங்கத் தொடங்கினால் முன்னே இழுத்து நேராக்கிக்கொண்டு மீண்டும் முயல வேண்டும். மாமாவின் டிரைவர் அண்ணன் காலியான நெற்களத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதைப் பழகினார். இப்போது வடசேரியில் கடைச் சந்துக்குள் ஒரே முயற்சியில் விட்டுவிடுகிறார். சந்து மிகக் குறுகலாக இருந்தாலோ டிரெய்லரைக் கழற்றி இரண்டு பேர் கையால் தள்ளிவிடுகிறார்கள்.