ஓயா விழிகள்

நுழையும்முன்

ஒளிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஆற்றலும் ஓயாது அசையும் இயல்பும் கண்ணுக்கு உண்டு. இவ்விரண்டும் பார்வைக்குத் துணைசெய்யும் முறையையும், கண்ணசைவை அளக்கும் கருவிகள் வளர்ந்த வரலாற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இருளுக்குப் பழகும் கண்

நண்பகல் வெயிலிலிருந்து திரையரங்கினுள் நுழைபவருக்கு முதலில் இருக்கைகள் புலப்படுவதில்லை. சிறிது நேரத்தில் வரிசைகளும், பின்னர் அமர்ந்திருப்போர் முகங்களும் தெரியத் தொடங்குகின்றன. அரங்கின் இருள் குறையவில்லை, கண்ணே மாறியிருக்கிறது.

முதலில் பாவை விரிகிறது. கடும் ஒளியில் 2 மில்லிமீட்டர் அளவாகச் சுருங்கும் பாவை, இருளில் 8 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். இதனால் உட்புகும் ஒளி 16 மடங்கு வரை மிகும். எஞ்சிய பணியை விழித்திரை செய்கிறது. அதில் ஏறத்தாழ 60 இலட்சம் கூம்பு செல்களும் 12 கோடி கோல் செல்களும் உள்ளன. கூம்பு செல்கள் பகலொளியில் நிறங்களை உணர்த்துகின்றன. கோல் செல்கள் மங்கிய ஒளியில் உருவங்களை உணர்த்துகின்றன. கோல் செல்களில் உள்ள ரொடாப்சின் என்னும் நிறமி கடும் ஒளியில் சிதைந்துவிடும். இருளில் அது மீண்டும் முழுமையாக உருவாக அரைமணி நேரம் வரை ஆகும். அதற்கு வைட்டமின் ஏ இன்றியமையாதது. அச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் நோய் தோன்றும்.

அசைவால் அமையும் பார்வை

மாறாத காட்சிக்கும் கண் பழகிவிடுகிறது. ஒரே புள்ளியை உற்றுநோக்கினால், சுற்றியுள்ள மங்கிய உருவங்கள் மெல்ல மறைவதைச் சுவிட்சர்லாந்து மருத்துவர் திராக்சுலர் 1804ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். 1950களில் அறிஞர்கள், கண்ணுடன் சேர்ந்தே நகருமாறு ஓர் உருவத்தை அமைத்து, அது விழித்திரையின் ஒரே இடத்தில் விழச் செய்தனர். சில நொடிகளில் அவ்வுருவம் மறைந்துபோயிற்று. நாம் ஒன்றை உற்றுநோக்கும்போதும் கண் நுண்ணிய அளவில் அசைந்துகொண்டே இருப்பதால்தான் காட்சி மறையாமல் நிலைக்கிறது.

கண் அசைவதற்கு வேறொரு காரணமும் உண்டு. விழித்திரையின் மையக்குழி மட்டுமே மிகத் தெளிவாகக் காணும். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் தோன்றும் அளவே அதன் எல்லை. ஆகவே, படிக்கும்போது கண் வரியின்மீது தாவித்தாவிச் செல்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழ கால் நொடி தங்குகிறது; அடுத்த இடத்திற்கு நொடியின் சில நூறில் ஒரு பங்கு நேரத்தில் தாவிவிடுகிறது. தாவும்போது தோன்றும் மங்கலான காட்சியை மூளை பொருட்படுத்துவதில்லை.

அளக்கும் கருவிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பாரிசு நகரக் கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வுக்கூடத்தில், படிப்பவர் கண் தாவிச் செல்வது ஆராயப்பட்டது. அமெரிக்க அறிஞர் எட்மண்ட் ஹியூயி, நடுவில் துளையிட்ட சிறு கிண்ணம் ஒன்றைக் கண்மீது பொருத்தி, அதனுடன் மெல்லிய அலுமினிய முள்ளை இணைத்தார். கண் அசைய, முள்ளும் அசைந்து கோடு வரைந்தது. இம்முறை கண்ணுக்குத் துன்பம் தருவதாக இருந்தது. 1901ஆம் ஆண்டில் டாட்ஜ், கிளைன் ஆகிய இருவரும் கண்ணைத் தொடாமல், அதன்மீது பட்டுத் திரும்பும் ஒளியைப் படம்பிடித்து அசைவை அளந்தனர்.

இக்காலக் கருவிகளுக்கும் அதுவே அடிப்படை. கணினித் திரையின் கீழ் அமைந்த கருவி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. கார்னியா என்னும் முன்படலத்தில் தோன்றும் ஒளிப்புள்ளியையும் பாவையின் மையத்தையும் ஒளிப்படக்கருவி பதிவுசெய்கிறது. கண் திரும்பும்போது இவ்விரண்டின் இடைத்தொலைவு மாறும். அதைக் கொண்டு, பார்வை பதியும் இடத்தைக் கணினி கணக்கிடுகிறது.

குரலாகும் பார்வை

பிரெஞ்சு இதழாசிரியர் ழான் தொமினிக் போபி, 1995ஆம் ஆண்டு ஏற்பட்ட பக்கவாதத்தால் பேச்சையும் கைகால் இயக்கத்தையும் இழந்தார். அவர் விருப்பப்படி இயங்கியது இடக்கண்ணே. உதவியாளர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, வேண்டிய எழுத்து வரும்போது அவர் இமைத்தார். அவ்வாறு உருவான நூல் 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இன்று இத்தகையோர் பலர், திரையில் தோன்றும் எழுத்துகளைக் கண்ணால் நோக்கியே தாமாக எழுதுகின்றனர். ஆயினும் கண்ணின் ஓயா இயல்பு இங்கு இடையூறாகிறது. நோக்கும் எழுத்தெல்லாம் பதிவானால் சொற்கள் குழம்பிவிடும். ஆதலால், பார்வை ஓர் எழுத்தின்மீது சற்று நேரம் நிலைத்தால் மட்டுமே கருவி அதனை ஏற்கிறது. வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர்கள் இருப்பதால், வெளியிடங்களில் இக்கருவி இடர்ப்படுவதும் உண்டு.

ஒருவர் பார்வை எங்கே தங்கியது என்பது அவர் கவனத்தைக் காட்டிக்கொடுக்கும். விளம்பரங்களை ஆராய்வோரும் இக்கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். எனவே, ஒருவருடைய இசைவின்றி அவர் கண்ணசைவைப் பதிவுசெய்தல் முறையாகாது. குரலிழந்தவர்க்குக் குரலாகும் கருவி, பிறருடைய மனத்தை வேவுபார்க்கும் கருவியாகிவிடலாகாது.

சொல்லும் பொருளும்

பாவை – கண்ணின் நடுவே ஒளி புகும் துளை
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
இசைவு – உடன்பாடு
இடையூறு – தடை

செய்து காண்க

கண்ணாடி முன் நின்று, உம் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறி நோக்குக. உம் கண்கள் அசைவது உமக்குத் தெரிகிறதா? அருகில் நிற்கும் நண்பருக்குத் தெரிகிறதா? காரணத்தைப் பாடத்திலிருந்து கண்டறிந்து எழுதுக.

பயிற்சி

1. திரையரங்கினுள் நுழைபவர் கண்ணில் நிகழும் இரு மாற்றங்கள் யாவை?
2. கண் அசையாதிருந்தால் காட்சி என்னவாகும்? சான்று தருக.
3. ஹியூயியின் முறைக்கும் டாட்ஜ், கிளைன் முறைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
4. பிரித்து எழுதுக: கண்ணசைவு, மையக்குழி.
5. ‘கண்ணசைவைப் பதிவுசெய்ய இசைவு வேண்டும்’ – இக்கருத்துப் பற்றி ஐந்து வரிகளில் எழுதுக.