கெமிக்கல் எடுக்கலாமா? டெல்டா மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு வந்து பொறியியல் கவுன்சலிங்குக்கு விருப்பப் பட்டியல் நிரப்பும் நாட்களில், பாபநாசம், ஒரத்தநாடு, மன்னார்குடி பக்கமிருந்து பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வருவதுண்டு. ஆலோசனை கேட்கத்தான் வருகிறார்கள். ஆனால் முடிவு வீட்டிலேயே ஆகியிருக்கும். சித்தப்பா குவைத்தில் இருக்கிறார், அதனால் பெட்ரோலியம். எதிர்வீட்டுப் பெண் கம்ப்யூட்டர் எடுத்தாள், அதனால் கம்ப்யூட்டர். "உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்?" என்று பிள்ளையைக் கேட்டால் அப்பா பதில் சொல்கிறார். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இப்படி நான்கு வருடத்தைத் தொலைப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அதில் மனம் ஒன்றியவர்கள் தாராளமாகப் போகலாம். கணக்கும் இயற்பியலும் வேதியியலும் ஓரளவு கைவந்து, ஆலையில் வேலை பார்க்கவும் விருப்பமுள்ள பிள்ளைக்கு மூன்று வழிகள் உண்டு: கெமிக்கல், உணவுத் தொழில்நுட்பம், பெட்ரோலியம். பெட்ரோகெமிக்கலையும் மூன்றாவதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், கெமிக்கல் இன்ஜினியர் சோதனைக்குழாயோடு உட்காருகிறவர் இல்லை. ஆய்வகத்தில் குடுவையில் நடப்பதை ஒரு நாளைக்கு நூறு டன் அளவில், நஷ்டமும் விபத்தும் இல்லாமல் நடத்திக் காட்டுவது அவர் வேலை. வெப்பம் எங்கே போகிறது, ஆவி எங்கே குளிர்கிறது, உள்ளே போன பொருள் முழுவதும் கணக்கில் வருகிறதா என்பதுதான் படிப்பு. கரிம வேதியியல் சமன்பாடுகளை மனப்பாடம் செய்து நூறு வாங்கியவர்கள் முதல் வருடத்திலேயே தடுமாறுவதும், இயற்பியலில் ஆர்வமுள்ளவர்கள் நிமிர்ந்து நிற்பதும் இதனால்தான்.

வருகிற பிள்ளைகளிடம் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். 20 சதவீத ஈரமுள்ள நெல் 1000 கிலோ. அதை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் எவ்வளவு தண்ணீர் போகும்? ஏறக்குறைய எல்லாரும் 60 கிலோ என்கிறார்கள். தண்ணீர் நீங்கலான பொருள் 800 கிலோ மாறாமல் இருக்கிறது. காய்ந்தபின் அது மொத்த எடையில் 86 சதவீதம். ஆக மீதி சுமார் 930 கிலோ, போன தண்ணீர் 70 கிலோ. 60 என்று சொன்னது குற்றமில்லை. "ஏன் 70?" என்று பேனாவை வாங்கி மறுபடி போட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஒத்துவரும்.

இப்போது பெட்ரோலியம். டெல்டாவில் இந்த ஆசை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஓஎன்ஜிசி குழாய்கள் நம் வயலோரம் ஓடுகின்றன, காரைக்காலில் அவர்கள் அலுவலகம் இருக்கிறது, நரிமணத்தில் 1993-இல் சுத்திகரிப்பு ஆலையே வந்தது. போதாததற்கு வளைகுடாப் பணம். ஆனால் இந்தத் துறை உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலையோடு ஏறி இறங்குவது. 2014 நடுவில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்றது, 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. ஏறுமுகத்தில் இந்தப் படிப்பில் சேர்ந்தவர்கள் இறங்குமுகத்தில் பட்டம் வாங்கினார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் உலகம் முழுக்க ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

உள்ளூர் நிலவரமும் மாறிவிட்டது. எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்துக் கதிராமங்கலம், நெடுவாசல் போராட்டங்கள் 2017-இல் நடந்தன. 2020-இல் சட்டப்படி காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது; புதிதாக எண்ணெய், எரிவாயுத் துளையிடல் இங்கே கூடாது. அந்தச் சட்டம் சரி என்பதே என் கட்சி. நரிமணம் பழைய ஆலை 2019-இல் நின்றது. அதே இடத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனில் புதிய ஆலை என்றார்கள். அதை நம்பி இன்று ஒரு பிள்ளையைச் சேர்ப்பது சரியல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறு. சுத்திகரிப்பு ஆலை தேடுவதே கெமிக்கல் இன்ஜினியரைத்தான். மணலி ஆனாலும் ஜாம்நகர் ஆனாலும் இதுதான். ஓஎன்ஜிசியிலும் உற்பத்திப் பணிக்குக் கெமிக்கல் படித்தவர்களும், துளையிடும் பணிக்கு மெக்கானிக்கல் படித்தவர்களும் விண்ணப்பிக்கிறார்கள். கெமிக்கல் படித்தவருக்கு எண்ணெய்க் கதவும் திறக்கும். உரம், மருந்து, காகிதம், சிமென்ட், குடிநீர்க் கதவுகளும் திறக்கும். பெட்ரோலியம் மட்டும் படித்தவருக்கு எண்ணெய் மூடினால் போக்கிடம் சுருங்கிவிடுகிறது. பேர்பெற்ற ஒன்றிரண்டு நிறுவனங்களில் இடம் கிடைத்தால் யோசிக்கலாம். நிலத்தை அடகு வைத்துச் சாதாரணத் தனியார் கல்லூரியில் இந்தப் படிப்பில் சேர்க்காதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். "பயர் அண்ட் சேஃப்டி படித்தால் துபாய் உறுதி" என்கிற சுவரொட்டிகளுக்கும் இதே பதில்தான்.

உணவுத் தொழில்நுட்பத்துக்கு நம் ஊரிலேயே நிஃப்டெம் இருக்கிறது. திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி தஞ்சாவூருக்கு வந்த நிறுவனம். சேர்க்கை ஜேஇஇ வழியாக. நல்ல படிப்பு. ஆனால் பட்டத்தின் பேரிலேயே ஒரு துறைக்குள் அடங்கிவிடுவதால் கெமிக்கலை ஒரு படி மேலே வைக்கிறேன். என் பிழைப்பு தவிட்டு எண்ணெய் ஆலையில் கழிந்ததால் இந்தச் சாய்வு எனக்கு உண்டு.

அந்த ஆலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அரிசி தீட்டியதும் தவிட்டிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும்; பச்சரிசித் தவிடு ஒரு நாள் கிடந்தாலே புளிப்பு ஏறும். புழுங்கல் தவிட்டில், நெல்லை அவிக்கும்போதே அந்த நொதி செத்துவிடுவதால், அவகாசம் கூடுதல். எண்ணெயும் கூடுதல். தவிட்டை ஹெக்சேனில் கழுவி எண்ணெயை எடுத்து, ஹெக்சேனை ஆவியாக்கிக் குளிரவைத்துத் திரும்பப் பிடிப்போம். ஒரு டன் தவிட்டுக்கு எத்தனை லிட்டர் ஹெக்சேன் குறைந்தது என்பதுதான் அன்றைய மதிப்பெண். அதன் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும். செல்போன் வாசலோடு சரி, உள்ளே பித்தளைச் சுத்தியல்தான். புதிதாக வரும் இன்ஜினியர் முதல் மாதம் வால்வுகளைத் தொடாமல் ஒவ்வொரு குழாயும் எங்கிருந்து எங்கே போகிறது என்று நடந்து பார்த்து வரைந்து காட்ட வேண்டும். பலருக்குச் சலிப்பாக இருக்கும். அந்த மாதத்தைப் பொறுமையாக முடித்தவர்கள்தான் பிறகு பொறுப்புக்கு வந்தார்கள்.

கெமிக்கல் இன்ஜினியர் வேலையில் தொடக்கச் சம்பளம் ஐடியோடு போட்டி போடாது. இரவு ஷிப்ட் உண்டு. ராணிப்பேட்டை, தூத்துக்குடி, விசாகப்பட்டினம், தஹேஜ் என்று ஊர் மாற வேண்டிவரும். பெண் பிள்ளைகளை ஷிப்டுக்கு அனுப்புவதா என்று தயங்கும் பெற்றோருக்கு: வடிவமைப்பு, தரக் கட்டுப்பாடு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, பாதுகாப்பு ஆய்வு என்று பகல் வேலைகளும் நிறைய உண்டு. ஷிப்டில் திறமையாக நின்ற பெண்களையும் நான் அறிவேன். ஐந்தாறு வருடம் ஆலையைக் கற்றவரை எந்த முதலாளியும் எளிதில் விடமாட்டார். அந்த ஐந்தாறு வருடத்தை உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை ஒவ்வொரு பொங்கலுக்கும் சம்பளக் கணக்கு ஒப்பிக்கும்படி செய்யாதீர்கள்.

கெமிக்கலுக்கு இடம் தேடுகிறவர்கள் கிண்டி ஏ.சி. டெக், திருச்சி என்ஐடி, காரைக்குடி சிக்ரி, தஞ்சை சாஸ்த்ரா ஆகியவற்றைப் பாருங்கள். கட் ஆஃப் எட்டாதவர்கள் பாலிடெக்னிக்கில் கெமிக்கல் டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை. வேறு கல்லூரியானால் பட்டியலில் போடுமுன் ஒருமுறை நேரில் போய் வடிகலனும் உலர்த்தியும் ஓடுகின்றனவா, தூசி படிந்து நிற்கின்றனவா என்று ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடைசி வருட மாணவர்கள் எந்தெந்த ஆலைக்குப் பயிற்சிக்குப் போனார்கள் என்று கேட்டு, அந்த மாணவர்களில் ஒருவரோடு உங்கள் பிள்ளையைத் தனியாகப் பேச விடுங்கள்.