தண்ணீர்விட்டானும் அதன் சுற்றத்தாரும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவர இயல் கற்பித்தவள் நான். ஆண்டுதோறும் கரும்பலகையில் ஒரு வரிசையை எழுதுவேன்: வெங்காயம், சோற்றுக்கற்றாழை, செங்காந்தள், தண்ணீர்விட்டான். இவை நான்கும் லில்லியேசியே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று சொல்லிக்கொடுப்பேன். மாணவர்கள் மனனம் செய்து எழுதினர்; மதிப்பெண்ணும் பெற்றனர்.

அயல்நாட்டில் பணிபுரியும் என் பேத்தி அண்மையில் தொலைபேசியில் ஒரு வினா எழுப்பினாள். அங்குள்ள காய்கறிக் கடைகளில் அஸ்பராகஸ் என்னும் பச்சைத் தண்டுகள் கட்டுக்கட்டாக விற்கப்படுகின்றனவாம். "பாட்டி, இது நம் தண்ணீர்விட்டானின் இனம் என்கிறார்கள். தண்ணீர்விட்டான் வெங்காயக் குடும்பம் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்? வெங்காயத்தை விலக்கும் நாம் இதை உண்ணலாமா?" என்றாள்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. நான் கற்பித்த பாடம் அக்காலப் பாடநூலுக்கு ஏற்றதே. ஆயினும் இன்று அது திருத்தப்பட்டுவிட்டது. மேலும், அவளுடைய வினாவினுள் இரண்டு வினாக்கள் கலந்திருந்தன. ஒன்று உறவு பற்றியது. மற்றொன்று உணவு பற்றியது. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

வகைப்பாடு என்பது யாது?

உலகப் பொருள்களை வகுத்துக் காண்பது நம் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாக வகுக்கிறது. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர்களுள் வைக்கிறது. வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உட்புறம் வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அதன்படி நெடிதுயர்ந்த பனையும் தென்னையும் புல்லின் பாற்படும். இன்றைய அறிவியலும் பனையையும் தென்னையையும் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்றே கொள்கிறது. உயரத்தைக் கண்டு மயங்காமல் உள்ளமைப்பைக் கண்டு வகுத்தமை எண்ணி மகிழத்தக்கது.

அறிவியலில், நெருங்கிய இனங்கள் சேர்ந்து பேரினம் ஆகும். நெருங்கிய பேரினங்கள் சேர்ந்து குடும்பம் ஆகும். குடும்பங்கள் சேர்ந்து துறை ஆகும். எந்த அடையாளத்தைக் கொண்டு நெருக்கத்தை அறிவது என்பதே காலந்தோறும் எழுந்த சிக்கல்.

பழைய பாடம்

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையை முதன்மையாகக் கொண்டு தாவரங்களை வகுத்தார். ஆறு மகரந்தத் தாள்கள் உடையன என்ற காரணத்தால் அஸ்பராகஸ், வெங்காயம், கற்றாழை ஆகியவற்றோடு நெல்லும் ஒரே வகுப்பில் இடம்பெற்றது. எண்ணுவதற்கு எளிது, ஆனால் உறவைக் காட்டாது.

பின்னர் இங்கிலாந்தில் பெந்தமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட பெருநூலில் பூவின் பல உறுப்புகளையும் ஒப்பிட்டு வகுத்தனர். கேம்பிள் தொடங்கி ஃபிஷர் நிறைவு செய்த சென்னை மாகாணத் தாவர நூலும் (1915 முதல் 1936 வரை) அம்முறையையே தழுவியது. நம் பள்ளி, கல்லூரிகளிலும் நெடுங்காலம் அதுவே பாடமாயிற்று.

அம்முறையில் சூற்பையின் இருப்பிடம் மிக முக்கியமானது. பூவிதழ்களுக்கு மேலே சூற்பை இருந்தால் அது மேல்மட்டச் சூற்பை. அத்தகைய பூக்கள் லில்லியேசியே. பூவிதழ்களுக்குக் கீழே இருந்தால் அது கீழ்மட்டச் சூற்பை. அத்தகைய பூக்கள் அமரில்லிடேசியே. இவ்விதியால் தண்ணீர்விட்டான் முன்னதிலும், மாலை கட்டப் பயன்படும் நிலச்சம்பங்கி பின்னதிலும் சேர்க்கப்பட்டன.

ஐயம் எழுந்த இடம்

அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய இரு செடிகள் இவ்விதியை அசைத்தன. ஒன்று யூக்கா, மற்றொன்று நம் ஊர்களில் இருப்புப்பாதை ஓரங்களிலும் வேலிகளிலும் காணப்படும் ஆனைக்கற்றாழை. யூக்காவின் சூற்பை மேல்மட்டம். ஆனைக்கற்றாழையின் சூற்பை கீழ்மட்டம். எனவே இரண்டும் வெவ்வேறு குடும்பங்களில் வைக்கப்பட்டிருந்தன.

1933-இல் மெக்கெல்வி, சாக்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் இவற்றின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் கண்டனர். இரண்டு செடிகளிலும் அடிப்படைத் தொகுதியில் 30 குரோமோசோம்கள். அவற்றுள் 5 பெரியவை, 25 மிகச் சிறியவை. இத்தகைய அரிய ஒற்றுமை தற்செயலாக நேர்வதன்று. பின்னர் நிலச்சம்பங்கியிலும் இதே அமைப்பு காணப்பட்டது. சூற்பை மேலே இருப்பதும் கீழே இருப்பதும் மாறக்கூடிய பண்பு என்பது புலனாயிற்று. ஹட்சின்சன் 1934-இல் இவற்றை ஒன்றுசேர்த்து வகுத்தார். டால்கிரன் முதலியோர் 1985-இல் பழைய லில்லியேசியேவைப் பல சிறு குடும்பங்களாகப் பிரித்தனர்.

மரபணு காட்டிய உறவு

இலையின் பசுங்கணிகத்தில், காற்றிலுள்ள கரியமில வாயுவை உணவாக்க உதவும் ஒரு நொதி உண்டு. அதற்குரிய மரபணு ஏறத்தாழ எல்லாப் பசுந்தாவரங்களிலும் இருக்கிறது. ஒரே நூலின் பல பிரதிகளை ஒப்பிட்டு, எப்பிரதி எதிலிருந்து படியெடுக்கப்பட்டது என்று சுவடி ஆய்வாளர் காண்பது போல, இம்மரபணுவின் எழுத்துவரிசையை ஒப்பிட்டுத் தாவரங்களின் உறவைக் காணலாம். 1993-இல் ஏறத்தாழ 500 விதைத் தாவரங்களில் இவ்வொப்பீடு செய்யப்பட்டது. அதன் வழியே ஏ.பி.ஜி. என்னும் அறிஞர் குழு 1998-இல் புதிய வகைப்பாட்டை வெளியிட்டது. 2003, 2009, 2016 ஆகிய ஆண்டுகளில் அதைத் திருத்தியது.

அதன்படி என் பழைய கரும்பலகை வரிசை இவ்வாறு மாறுகிறது:

தண்ணீர்விட்டான்: அஸ்பராகேசியே குடும்பம்.
வெங்காயம்: அமரில்லிடேசியே குடும்பம்.
சோற்றுக்கற்றாழை: ஆஸ்போடலேசியே குடும்பம்.
செங்காந்தள்: கோல்ச்சிகேசியே குடும்பம்.

நான்கில் ஒன்றுகூட லில்லியேசியேவில் இல்லை! முதல் மூன்றும் அஸ்பராகேல்ஸ் என்னும் ஒரே துறையைச் சேர்ந்த வெவ்வேறு குடும்பங்கள். செங்காந்தள் மட்டுமே உண்மையான லில்லியோடு லில்லியேல்ஸ் என்னும் துறையில் நிற்கிறது. இதற்குக் கண்ணால் காணத்தக்க சான்று ஒன்றும் உண்டு. வெங்காய விதையும் தண்ணீர்விட்டான் விதையும் கரிபோல் கறுத்திருக்கும். அஸ்பராகேல்ஸ் துறையில் பலவற்றின் விதையுறையில் உள்ள ஒரு கரும்பொருளே இதற்குக் காரணம். லில்லியின் விதையில் அது இல்லை.

ஒரு குடும்பம், ஏழு கிளைகள்

2009-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் முன்பு தனித்தனியாக இருந்த பல குடும்பங்கள் அஸ்பராகேசியேவில் ஒன்றாயின. இன்று இதில் நூற்றுக்கு மேற்பட்ட பேரினங்களும் ஏறத்தாழ 2900 இனங்களும் உள்ளன. இதன் துணைக்குடும்பங்கள் ஏழு.

1. அஸ்பராகஸ் கிளை: தண்ணீர்விட்டானும் கடைகளில் விற்கும் அஸ்பராகஸும்.
2. அகேவ் கிளை: ஆனைக்கற்றாழை, யூக்கா, தொட்டிகளில் வளர்க்கும் குளோரோபைட்டம், நிலச்சம்பங்கி. மெக்சிகோவிலிருந்து வந்த நிலச்சம்பங்கி 2018 முதல் அகேவ் பேரினத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளது. ஆம், நம் மணமாலையின் வெண்பூ, முள்நுனி கொண்ட ஆனைக்கற்றாழையின் உடன்பிறப்பு.
3. டிரசீனா கிளை: நார் எடுக்கப் பயன்பட்ட மருள், வீடுகளில் வளர்க்கும் டிரசீனா.
4. சில்லா கிளை: நரிவெங்காயம், குளிர்நாடுகளின் ஹயசிந்த்.
5. லோமாண்ட்ரா கிளை: பெரும்பாலும் ஆஸ்திரேலியப் பகுதியில் வளர்வன, தோட்டங்களில் உள்ள செவ்விலைக் கார்டிலைன் இதனைச் சார்ந்தது.
6. புரோடியேயா கிளை: வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மிகுதி.
7. அஃபிலாந்தஸ் கிளை: மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியில் வளரும் ஒரே ஓர் இனம்.

இத்தனை வேறுபட்டவற்றை ஒரே குடும்பமாக்காமல் தனித்தனிக் குடும்பங்களாக வைக்கலாம் என்று கருதும் அறிஞரும் உளர். உறவு ஒன்றே, எந்த அளவில் கோடு கிழிப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

தண்ணீர்விட்டானை அறிவோம்

சதாவரி என்றும் வழங்கும் இக்கொடி வறண்ட புதர்க்காடுகளில் படர்வது. இதன் ஊசி போன்ற பசுமை உறுப்புகளை இலை என்று எண்ணுவோம், அவை இலைகளல்ல. இலையின் தொழிலைச் செய்யும் மிகச் சிறிய தண்டுகள்; கிளாடோடு எனப்படும். உண்மையான இலையோ செதிலாகச் சுருங்கிவிட்டது. அதன் அடிப்பகுதி முள்ளாக மாறியிருக்கும். நீர் வீணாகாமல் காக்கும் ஏற்பாடு இது. பூக்கள் சிறியவை, வெண்மையானவை, மணமுடையவை. பூவிதழ்கள் ஆறு, மகரந்தத் தாள்கள் ஆறு. கனி செந்நிறம்.

மண்ணுக்குள் கொத்துக்கொத்தாகப் பருத்திருப்பதைக் கிழங்கு என்கிறோம். அவை நீரும் உணவும் சேமித்த வேர்கள். மருந்துக்காக இவற்றைத் தோண்டும்போது கொடியும் அழிய நேர்கிறது. விதையிட்டுப் பயிர் செய்யாமல் காட்டிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தால் அவ்விடத்தில் அக்கொடி மறைந்துபோகும்.

பெயரால் வரும் பிழை

நரிவெங்காயம் பார்வைக்கு வெங்காயமே. கோடையில் இலை தோன்றுமுன் பூந்தண்டு எழும். ஆனால் அது வெங்காயக் குடும்பமன்று. இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள்களைக் கொண்டது. ஆனைக்கற்றாழையும் சோற்றுக்கற்றாழையும் பெயராலும் தோற்றத்தாலும் ஒன்றுபோல் இருப்பினும் வெவ்வேறு குடும்பங்கள். முன்னது அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. ஒருமுறை பூத்துக் காய்த்ததும் அச்செடி மடியும். பின்னது பழைய உலகத்தைச் சேர்ந்தது. பல முறை பூக்கும். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கையும் விதையையும் பற்றிப் பிள்ளைகளுக்கு எச்சரித்தே ஆகவேண்டும்; அவற்றிலுள்ள கோல்ச்சிசின் உயிரைப் பறிக்கவல்லது. ஒரு செடி நமக்குப் பழகிய செடியின் பெயரைத் தாங்கியிருப்பதாலேயே அதன் குணத்தையும் தாங்கியிருக்கும் என்று கொள்ளலாகாது.

பேத்திக்கு எழுதிய விடை

இவற்றையெல்லாம் படித்துத் தெளிந்தபின் அவளுக்குக் கடிதம் எழுதினேன்.

"குழந்தாய், என் பழைய பாடத்தைத் திருத்திக்கொள். அஸ்பராகஸ் வெங்காயக் குடும்பம் அன்று. ஒரே துறையில் உள்ள அயல் குடும்பம். ஆனால் உன் உணவு வினாவுக்கு இது விடையாகாது. குடும்பப் பெயர் பிறப்பைச் சொல்லும். நாம் உண்பது செடியின் எந்த உறுப்பு, அதை எடுத்தால் செடிக்கு என்ன நேரும் என்பதைச் சொல்லாது. நீ கடையில் கண்டது மண்ணிலிருந்து மேலெழும் இளந்தண்டு. முறையாக வெட்டினால் அடியிலுள்ள செடி பல ஆண்டுகள் வாழும். அதன் இனமான தண்ணீர்விட்டானில் எடுக்கப்படுவதோ வேர். வெள்ளை நிற அஸ்பராகஸ் என்பதும் இளந்தண்டே. ஒளி படாதவாறு மண்ணை அணைத்து, மண்ணுக்குள்ளேயே வளர்த்து வெட்டப்படுவது. தாவர இயல் ஆசிரியை சொல்லத்தக்கது இவ்வளவே. கந்தமூலங்களை விலக்கும் நம் நோன்பில் இது எங்கு நிற்கும் என்பதை உண்மையை அறிந்தபின் பெரியோரைக் கேட்டு நீயே முடிவு செய்."

அவள் மறுமொழியில், "அப்படியானால் தண்டை மட்டும் கேட்டு வாங்குகிறேனா, வேண்டாவா என்பதை அம்மாவிடமும் கலந்து பேசுகிறேன். ஆனால் பாட்டி, நீங்கள் முன்பு பாடம் நடத்திய மற்றவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டுமே" என்றாள். அதன் பொருட்டே இக்கட்டுரை. என்னிடம் பயின்றவர் எவரேனும் இதைப் படித்தால், தம் பிள்ளைகளுக்குத் திருத்திச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.

பயிற்சி

1. ஒற்றை இதழ்ச் சம்பங்கிப் பூ ஒன்றை உற்று நோக்குக. செடியிலிருந்து பறிக்க வேண்டா. மாலையிலிருந்து உதிர்ந்ததே போதும். பூவிதழ்களை எண்ணுக. குழலின் உள்ளே மகரந்தத் தாள்கள் எத்தனை? சூற்பை எங்குள்ளது?
2. தண்ணீர்விட்டானின் ஊசி உறுப்பு இலையன்று என்பதை எவ்வாறு விளக்குவீர்?
3. உங்கள் ஊரில் கற்றாழை, வெங்காயம் என்னும் பெயர் தாங்கிய செடிகள் எவை? அறிந்த பெரியவர் ஒருவர் துணையுடன் பட்டியல் எழுதுக. அறியாத செடியின் எப்பகுதியையும் வாயில் வைக்கலாகாது.